பீஸை எண்ணாதீங்க, நட்டை எண்ணுங்க: முதல் ஸ்பேனர் செட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கையில ஒரு செகண்ட் ஹேண்ட் பைக். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஆன்லைன்ல ஒரு ஆஃபர் கண்ணுல பட்டுச்சு. 50 பீஸ் டூல் கிட், 700 ரூபாய். "ஒரு பீஸ் 14 ரூபாய்தான் ஆகுது, இனிமே மெக்கானிக் செலவே இல்ல"ன்னு மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டு உடனே ஆர்டர் பண்ணிட்டேன்.

அடுத்த வாரம் நானே ஆயில் மாத்தலாம்னு உட்கார்ந்தேன். இன்ஜினுக்கு அடியில இருக்குற டிரெயின் போல்ட்டுல ஸ்பேனரைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். ஸ்பேனரோட வாய் லேசா விரிஞ்சு வழுக்கிடுச்சு. விரல் முட்டி கிழிஞ்சது. அதைவிட மோசம், போல்ட்டோட தலை ரவுண்டு ஆயிடுச்சு. விடாம இன்னும் ரெண்டு தடவை முயற்சி பண்ணி, மிச்சம் இருந்த மூலையையும் நானே தேய்ச்சு விட்டேன்.

திங்கட்கிழமை காலையில வண்டியைத் தள்ளிக்கிட்டு ஒர்க்‌ஷாப் போனேன். மெக்கானிக் அண்ணன் ஒரு சைஸ் சின்ன ரிங் ஸ்பேனரைச் சுத்தியலால தட்டி ஏத்தி, போல்ட்டைக் கழட்டினார். புது போல்ட், ஆயில் மாத்துற கூலி எல்லாம் சேர்த்து 550 ரூபாய். ஆபீசுக்கு லேட்டானதுல அரை நாள் சம்பளம் பிடிச்சாங்க, அது 450. கிட்டோட விலை 700. ஆக மொத்தம் 1,700 ரூபாய். மெக்கானிக் செலவை மிச்சம் பண்ணக் கிளம்பினவன் கதை இது.

அந்த அண்ணன் என் டப்பாவைத் திறந்து பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல எத்தனை பீஸ் தம்பி?"

"அம்பது அண்ணா."

"உன் வண்டியில எத்தனை சைஸ் நட்டு இருக்கு?"

எனக்குப் பதில் தெரியல. இன்னைக்குப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியைப் பத்தித்தான். வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

காம்பினேஷன் ஸ்பேனர்னா என்ன?

கடையில பொதுவா மூணு வகை பார்ப்பீங்க. ரெண்டு பக்கமும் வாய் திறந்திருந்தா அது ஃபிளாட் ஸ்பேனர். ரெண்டு பக்கமும் வளையம் இருந்தா ரிங் ஸ்பேனர். இந்த ரெண்டு வகையிலயும் ஒரு பக்கம் ஒரு சைஸ், மறுபக்கம் வேற சைஸ் இருக்கும். உதாரணமா 10க்கு 11, 12க்கு 13.

காம்பினேஷன்ல ஒரு பக்கம் ஃபிளாட், மறுபக்கம் ரிங், ரெண்டும் ஒரே சைஸ். அதாவது ஒரே நட்டுக்கு ரெண்டு விதமான பிடி.

இதோட பயன் என்னன்னா, ஃபிளாட் பக்கம் நட்டோட ஆறு முகத்துல ரெண்டு முகத்தை மட்டும்தான் பிடிக்கும். ரிங் பக்கம் ஆறு மூலையையும் சுத்திப் பிடிக்கும். அதனால இறுகிப் போன நட்டை முதல்ல அசைக்கிறதுக்கும், கடைசியா டைட் பண்றதுக்கும் ரிங். நடுவுல லூசானதை வேகமா சுத்திக் கழட்டுறதுக்கு ஃபிளாட். அன்னைக்கு நான் பண்ணின தப்புல பாதி மட்டமான ஸ்பேனர், மீதி பாதி நான். இறுகின போல்ட்டை ஃபிளாட் பக்கம் போட்டுத் திருகினேன். நல்ல ஸ்பேனரா இருந்திருந்தாலும் அது தப்புதான்.

உங்களுக்கு எந்த சைஸ் தேவை?

ஸ்பேனர்ல 10, 12ன்னு போட்டிருக்குற நம்பர், நட்டோட எதிரெதிர் முகங்களுக்கு நடுவுல இருக்குற அகலம், மில்லிமீட்டர்ல. போல்ட்டோட தடிமன் வேற. கடையில போல்ட் வாங்கும்போது எம்6, எம்8ன்னு சொல்றது அந்தத் தடிமனைத்தான். ரெண்டுக்கும் உள்ள தொடர்பு இதோ:

- எம்5 போல்ட்: 8 ஸ்பேனர்
- எம்6 போல்ட்: 10 ஸ்பேனர்
- எம்8 போல்ட்: 12 அல்லது 13
- எம்10 போல்ட்: 14, 16 அல்லது 17
- எம்12 போல்ட்: 17, 18 அல்லது 19

ஒரே போல்ட்டுக்கு ஏன் ரெண்டு மூணு சைஸ்? ஜப்பான் தர முறையில தலை கொஞ்சம் சின்னதா இருக்கும், ஐரோப்பிய முறையில கொஞ்சம் பெருசா இருக்கும். நம்ம ஊர்ல ஓடுற பைக், ஸ்கூட்டர், கார்ல நிறைய ஜப்பான் கம்பெனிகளோட வடிவமைப்பு. அதனால வண்டிகள்ல 8, 10, 12, 14, 17, 19 அதிகமா வரும். ஆனா ஹார்டுவேர் கடையில வாங்குற சாதாரண போல்ட், இரும்புக் கட்டில், ரேக், ஸ்டாண்டு மாதிரி சாமான்கள்ல 13, 17, 19 அதிகமா வரும். ஐரோப்பியக் கம்பெனி கார் வச்சிருந்தா 13, 16, 18 பார்க்கலாம்.

ஆக, பெரும்பாலான வீட்டுக்கும் வண்டிக்கும் ஆரம்பத்துல ஏழு சைஸ் போதும்: 8, 10, 12, 13, 14, 17, 19. வீட்டுல சைக்கிள் இருந்தா 15ஐயும் சேர்த்துக்குங்க. பெடலுக்கும் நிறைய சைக்கிள்கள்ல சக்கர நட்டுக்கும் அதுதான் வேணும். இன்னொண்ணு, சைக்கிளோட இடது பெடலுக்கு மரை தலைகீழ். வழக்கமா லூஸ் பண்ற திசையில திருப்பினா அது இன்னும் டைட் ஆகும். தெரியாம பலம் போட்டு மரையைக் கெடுத்துடாதீங்க.

அப்பாவோட பழைய புல்லட் வீட்டுல நிக்குதுன்னா, அது ஆங்கிலேய வடிவமைப்புல வந்த வண்டி. அதுல அங்குல முறை போல்ட்டுகள் இருக்கலாம். மில்லிமீட்டர் ஸ்பேனர் சில இடத்துல பொருந்துற மாதிரியே இருக்கும். அரை அங்குலம்னா 12.7 எம்.எம்., அதுல 13 ஸ்பேனர் ஏறும், ஆனா கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம்தான் நட்டோட மூலையைத் தின்னும். முக்கால் அங்குலம் 19.05 எம்.எம்., அதனால அதுக்கு 19 ஏறக்குறைய சரியா உட்காரும். எல்லா சைஸுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது.

பலர் கவனிக்காத ஒரு விஷயம்

காம்பினேஷன் செட்ல ஒவ்வொரு சைஸும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். ஆனா வீட்டுல நிறைய இடத்துல போல்ட் ஒரு பக்கம், நட்டு மறுபக்கம். ரெண்டும் ஒரே சைஸ். ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணைத் திருகணும். பிடிக்கலைன்னா ரெண்டும் சேர்ந்து சுத்திக்கிட்டே இருக்கும்.

அதனால 10லயும் 13லயும் கூடுதலா ஒண்ணு தனியா வாங்கி வச்சுக்குங்க. 50 பீஸ் டப்பா வாங்கின நான், ஒரு கட்டிலை மாட்ட முடியாம பக்கத்து வீட்டுல 13 ஸ்பேனர் கடன் கேட்டு நின்னிருக்கேன்!

கடையில எப்படிப் பார்த்து வாங்குறது?

1. உலோகம்: குரோம் வனேடியம் ஸ்டீல்னு போட்டிருக்குறதா பாருங்க. சி.ஆர்-வின்னு சுருக்கமாவும் இருக்கும். சாதாரண கார்பன் ஸ்டீலைவிட இது வளையாம, வாய் விரியாம அதிக அழுத்தம் தாங்கும். சூடாக்கி அச்சுல அடிச்சுச் செஞ்சதா இருக்கணும். தகட்டை வெட்டி எடுத்த மாதிரி தட்டையா இருந்தா வேண்டாம். எழுத்தை யார் வேணும்னாலும் பொறிக்கலாம், அதனால அதை மட்டும் நம்பாதீங்க. தெரிஞ்ச கம்பெனி, பில் தர்ற கடை, ரெண்டும் முக்கியம்.

2. பாக்கெட்ல போல்ட்: இது எனக்குப் பிடிச்ச டெஸ்ட். ஒரு எம்6, ஒரு எம்8 புது போல்ட் எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போங்க. ஸ்பேனரை மாட்டி இடமும் வலமும் அசைச்சுப் பாருங்க. சுலபமா உள்ள போகணும், ஆனா கடகடன்னு ஆடக் கூடாது. ஃபிளாட் பக்கத்துல வாயோட ரெண்டு முகமும் இணையா இருக்கணும்.

3. ரிங்குக்குள்ள எத்தனை மூலை: பெரும்பாலும் 12 மூலை இருக்கும். சில ஸ்பேனர்ல 6. பன்னிரண்டு மூலையில 30 டிகிரி நகர்ந்தாலே அடுத்த பிடி கிடைக்கும், இடுக்கான இடத்துக்கு வசதி. ஆறு மூலையில அடுத்த பிடிக்கு 60 டிகிரி நகரணும், ஆனா துருப்பிடிச்ச, மூலை தேய்ஞ்ச நட்டை நல்லாப் பிடிக்கும். முதல் செட்டுக்கு 12 மூலையே போதும்.

4. கோணம்: ஃபிளாட் பக்கத்து வாய் லேசா, சுமார் 15 டிகிரி சாய்ஞ்சிருக்கும். இடம் இல்லாத இடத்துல ஸ்பேனரைத் திருப்பிப் போட்டா அடுத்த பிடி கிடைக்கிறதுக்காக அந்தச் சாய்வு. ரிங் பக்கமும் கொஞ்சம் தூக்கின மாதிரி இருந்தா விரல் முட்டி அடிபடாது.

5. விட்டுப்போன சைஸ்: "8ல இருந்து 19 வரை"ன்னு எழுதியிருப்பாங்க. உள்ள 12 இருக்காது, இல்லைன்னா 14 இருக்காது. நம்ம ஏழு சைஸும் இருக்கான்னு ஒவ்வொண்ணா பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

6. பை: சுருட்டி வைக்கிற பையோ, வரிசையா மாட்டுற ஹோல்டரோ இருந்தா நல்லது. ஒண்ணு தொலைஞ்சா காலி இடம் உடனே தெரியும். எல்லார் வீட்டுலயும் முதல்ல தொலையுறது 10தான்!

இன்னொரு வழியும் இருக்கு. நம்ம ஊர் ஹார்டுவேர் கடைகள்ல ஸ்பேனர் தனித்தனியாவே கிடைக்கும். சென்னையில இருக்கீங்கன்னா பாரிமுனை பக்கம் ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்க. இந்த மாசம் 10, 12, 14. அடுத்த மாசம் 13, 17. பட்ஜெட் டைட்டா இருக்குறவங்களுக்கு இது நல்ல முறை. தேவையில்லாத சைஸுக்குக் காசும் போகாது.

டிக் டிக்னு சத்தம் வர்ற ராட்செட் ஸ்பேனர், 200 பீஸ் சூட்கேஸ் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ரெண்டு வருஷம் இந்த ஏழை நல்லாப் பயன்படுத்துங்க. அப்புறம் எது தேவைன்னு உங்க கையே சொல்லும்.

இப்போ பணக் கணக்கு

கீழ வர்ற நம்பர் எல்லாம் உதாரணம்தான். உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

700 ரூபாய்க்கு 50 பீஸ் கிட். அதுல நிஜமாப் பயன்படுறது 4 பீஸ்னு வைங்க. அப்போ ஒரு பீஸோட உண்மையான விலை 14 இல்ல, 175 ரூபாய். அதுவும் ஒரு வருஷத்துல வாய் விரிஞ்சு போனா, வருஷத்துக்கு 700.

1,400 ரூபாய்க்கு நல்ல செட், அது 10 வருஷம் உழைக்குதுன்னா வருஷத்துக்கு 140.

விலைச் சீட்டுல ரெண்டு மடங்கா தெரியுறது, வருஷக் கணக்குல அஞ்சுல ஒரு பங்கு. எதை வாங்குறதா இருந்தாலும் "ஒரு பீஸ் என்ன விலை"ன்னு பார்க்காம, "ஒரு வருஷத்துக்கு என்ன விலை"ன்னு பாருங்க. செருப்புல இருந்து பிரஷர் குக்கர் வரைக்கும் இதே கணக்குதான்.

அடுத்து, இந்த 1,400 எப்போ திரும்பி வரும்? செயின் டைட் பண்றது, கண்ணாடி மாத்துறது, பேட்டரி முனையைச் சுத்தம் பண்றது, ஆடுற கட்டிலைச் சரி பண்றது. இப்படி வருஷத்துக்கு ஆறு வேலை, ஒவ்வொண்ணுக்கும் 100 ரூபாய் மிச்சம்னா வருஷத்துக்கு 600. போட்ட பணத்தை எடுக்க 2 வருஷம் 4 மாசம் ஆகும்.

நேர்மையாச் சொல்றேன், இது முதலீடு இல்ல. "நானே ரிப்பேர் பண்ணி ஆயிரக்கணக்குல மிச்சம் பண்ணுவேன்"னு நினைச்சு வாங்காதீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவைகூட எடுக்க மாட்டீங்கன்னா வாங்கவே வேண்டாம். நிறைய பைக்கோட சீட்டுக்கு அடியிலயோ, பக்கவாட்டுப் பெட்டியிலயோ கம்பெனி கொடுத்த சின்ன டூல் கிட் தூங்கிக்கிட்டு இருக்கும். முதல்ல அதை எடுத்துப் பாருங்க.

வாங்குறதுன்னா இ.எம்.ஐ. போடாதீங்க. 4,500 ரூபாய் கிட்டுக்கு "நோ காஸ்ட் இ.எம்.ஐ."ன்னு காட்டும். பிராசஸிங் கட்டணம் 199ன்னு வைங்க, அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தா 235 ரூபாய். அங்கேயே 5 சதவீதத்துக்கு மேல போச்சு. இதுபோக, வங்கி போடுற வட்டியை விற்பவர் தள்ளுபடியா ஈடுகட்டினாலும், அந்த வட்டி மேல வர்ற ஜி.எஸ்.டி.யை நீங்கதான் கட்டணும். அவசர நிதியிலயும் கை வைக்காதீங்க. ஸ்பேனர் அவசரம் கிடையாது.

எதைத் தொடக் கூடாது?

இதுல ஏமாந்தா போறது 550 ரூபாய் இல்ல.

- வாரண்டியில இருக்குற வண்டியோட இன்ஜினைத் தொடாதீங்க. இலவச சர்வீஸைக் கெடு தேதிக்குள்ள கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே பண்ணிடுங்க.
- பிரேக், ஸ்டீயரிங், ஃபோர்க் இதெல்லாம் பழகின மெக்கானிக் கைக்கே விடுங்க. 100 ரூபாய் மிச்சத்துக்காக உயிரைப் பந்தயம் கட்டக் கூடாது.
- ஜாக்கியில தூக்கி நிறுத்தின காருக்கு அடியில படுக்காதீங்க.
- கார் சக்கரத்து நட்டுக்குக் காரோட வந்த வீல் ஸ்பேனர்தான். காம்பினேஷன் ஸ்பேனரோட நீளம் அதுக்குப் பத்தாது.
- கேஸ் இணைப்பை நீங்களா கழட்டாதீங்க, ஏஜென்சி ஆளைக் கூப்பிடுங்க.
- பேட்டரியைக் கழட்டும்போது முதல்ல நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். மாட்டும்போது முதல்ல பாசிட்டிவ், கடைசியா நெகட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது, பாசிட்டிவ்ல இருக்குற ஸ்பேனர் வண்டியோட இரும்புல பட்டா ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும்.

பயன்படுத்தும்போது மூணு பழக்கம்

ஒண்ணு: முடிஞ்ச வரைக்கும் உங்க பக்கம் இழுங்க, தள்ளாதீங்க. வழுக்கினாலும் கை போய் இரும்புல இடிக்காது. தள்ளித்தான் ஆகணும்னா விரலை விரிச்சு உள்ளங்கையால தள்ளுங்க.

ரெண்டு: போல்ட்டை முதல்ல வெறும் கையால ரெண்டு மூணு சுத்து உள்ள விடுங்க. மரை சரியாப் பிடிச்ச அப்புறம் ஸ்பேனர். கையால போகலைன்னா கோணலா ஏறுதுன்னு அர்த்தம். எடுத்துட்டுத் திரும்ப மாட்டுங்க.

மூணு: ஸ்பேனருக்குப் பின்னாடி பைப் மாட்டித் திருகாதீங்க. கவனிச்சிருப்பீங்க, 10 ஸ்பேனர் குட்டையா சுமார் 14 சென்டிமீட்டர் இருக்கும், 19 ஸ்பேனர் ஏறக்குறைய ஒரு சாண் இருக்கும். சின்ன போல்ட் கொஞ்ச அழுத்தம்தான் தாங்கும், அதனால சின்ன ஸ்பேனருக்கு நீளம் குறைவு. அந்த நீளமே ஒரு எச்சரிக்கை. பைப் மாட்டினா அந்த எச்சரிக்கையைக் கழட்டி விட்ட மாதிரி. துருப்பிடிச்ச நட்டுன்னா துரு இளக்குற ஸ்பிரே அடிச்சுட்டு, ஒரு டீ குடிச்சுட்டு வந்து முயற்சி பண்ணுங்க. அப்பவும் அசையலையா? மூலை நல்லா இருக்கும்போதே மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க. அப்போ செலவு 100 ரூபாயோட முடியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை

எதையும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி, ஒரு பேப்பர், ஒரு பேனா, ஒரு ஸ்கேல் எடுங்க. வண்டி, சைக்கிள், கட்டில், மேஜை, ரேக் எல்லாத்தையும் ஒரு சுத்து பாருங்க. நட்டோட எதிரெதிர் முகத்தை அளந்து எழுதுங்க. இதுக்கு ஸ்கேலே போதும், சந்தேகம் வந்தா வண்டி மெக்கானிக்கிட்ட சைஸ் கேளுங்க. அரை மணி நேர வேலைதான். பெரும்பாலும் அஞ்சு, ஆறு நம்பர்தான் திரும்பத் திரும்ப வரும்.

அந்தப் பேப்பரோட கடைக்குப் போங்க. "எத்தனை பீஸ் செட் வேணும் சார்?"னு கேட்பாங்க. "இந்த நம்பர் மட்டும் கொடுங்க"ன்னு சொல்லுங்க.

அந்த 50 பீஸ் டப்பா இன்னும் என்கிட்ட இருக்கு. அதுல இன்னைக்கும் உபயோகமா இருக்குறது டப்பா மட்டும்தான். அதுக்குள்ள இப்போ நான் ஒவ்வொண்ணா வாங்கின ஒன்பது ஸ்பேனர் இருக்கு: நம்ம ஏழு சைஸ், கூடுதலா ஒரு 10, ஒரு 13.

உங்க லிஸ்ட்ல எந்த நம்பர் அதிகமா வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.